வீட்டுத் துணிக்குக் குறி கிடையாது

"முனையை ஒழுங்காப் பிடி. தொங்குது பாரு."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

"நீ எங்கே கேட்டே? போகலைன்னு சொன்னே. சொன்னதுக்கு என்ன பதில்? இழு."

"இழுத்தாச்சு. போகலைன்னா போகலைதான்."

"திங்கக்கிழமை காலையில பஸ்ல ஏறுறே."

"பஸ் போகும். நான் போகமாட்டேன்."

"வாயைப் பாரு வாயை. இந்த ஈரத் துணியால ஒண்ணு போட்டேன்னா..."

"ஈரமெல்லாம் இல்ல, காஞ்சுடுச்சு. அடி, வலிக்காது."

இன்னொரு நாளாக இருந்தால் அம்மா சிரித்திருப்பாள். இன்று விரிப்பை ஓர் உதறு உதறினாள். அந்த உதறலில் மகள் கையிலிருந்த முனை ஒன்று நழுவித் தரையைத் தொட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அய்யோ" என்றார்கள். கூடத்துத் தரை துடைத்த தரைதான். ஆனாலும் சலவைக்கடையில் வெள்ளைத் துணி தரையைத் தொட்டால் வாயில் அந்தச் சத்தம் தானாக வரும். சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஓட்டல் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடிக்க வேண்டும். உதறி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது விரல்கள் படும், முகங்கள் நேருக்கு நேர் வரும். அதனால் அந்த வீட்டில் சண்டை போட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வசதியே கிடையாது. ஒரு விரிப்புக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

மகளை எல்லோரும் மைனா என்பார்கள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாய் மூடாததால் அப்பா வைத்த பெயர். இப்போது பள்ளிப் படிப்பு முடிந்து, நல்ல மதிப்பெண் வாங்கி, வெளியூர்க் கல்லூரியில் இடமும் கிடைத்து, ஹாஸ்டலில் கட்டிலும் ஒதுக்கியாகிவிட்டது. மைனா மட்டும் மாட்டேன் என்கிறது.

வாரம் முழுக்க மழை. மொட்டைமாடிக் கொடிகள் வெறுமனே நனைந்துகொண்டிருக்க, துணியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. முன்னால் கடை, நடுவில் கூடம், பின்னால் மெஷின்கள். எங்கே திரும்பினாலும் தலைக்கு மேல் விரிப்பு. அடுப்படியில் சோறு வடிப்பதும் தலையணை உறைகளுக்கு அடியில்தான். "சாப்பாட்டுல உப்பு கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, சோப்பு கம்மியா இருக்கணும்" என்று அப்பா தட்டைக் கையில் வாங்கும்போது சொல்வார். இந்த வாரம் அதையும் சொல்லவில்லை.

அப்பா முன்பக்கம் இஸ்திரி மேசையில் நின்றிருந்தார். மழைக்காலத்தில் அவருக்கு இளைப்பு. ஈரத் துணி மூட்டையைத் தூக்கினால் மூச்சு விசில் அடிக்கும். அதனால் போன வருஷத்திலிருந்து தூக்குகிற வேலை அவருக்கு இல்லை. பள்ளி விட்டு வந்ததும் மைனாதான் தூக்குவாள். பேச்சு தன் பக்கம் வருகிற இடத்தில் அப்பா இஸ்திரிப் பெட்டியை ஓர் அழுத்து அழுத்துவார். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். அதுதான் அவர் பதில்.

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள் அம்மா கூடத்திலிருந்து.

உஸ்.

"கேட்டியா? அப்பாவே சொல்லிட்டாரு" என்றாள் மைனா.

அம்மாவுக்கு இது வெறும் படிப்பு விஷயமாக இருந்தால் ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்பாள். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அவள் கடைவாசலில் நின்ற நிற்பே வேறு. துணி போட வந்த டீச்சரிடம் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் சொன்னாள். அந்த அம்மாள் வழக்கமாகத் துணிப் பையை வாசற்படியிலேயே போட்டுவிட்டு, "சாயம் போகாமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அன்று உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உன் பொண்ணா? பரவாயில்லையே! எந்தக் காலேஜ்?" என்று கேட்டாள். அந்த ஸ்டூலை அம்மா அன்று இரண்டு தரம் துடைத்தாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும், "காலேஜ் எப்பத் திறக்குது?" என்பதுதான் முதல் கேள்வி, துணி எப்போது கிடைக்கும் என்பது அப்புறம். தெரு முழுக்கச் சேர்ந்து மைனாவைக் கல்லூரிக்கு அனுப்பியாகிவிட்டது.

மதியத்துக்கு மேல் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. குடையை வாசலில் உதறிவிட்டு நுழையும்போதே குரலும் நுழைந்தது. பின்னால் அவள் மகன், தலையில் ஒரு புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மழைக்கு அதையே குடையாகப் பிடித்தபடி வந்தான். கல்லூரி முடித்து மூன்றாவது வருஷமாக வேலை தேடுகிறவன். வீட்டில் அவனுக்குப் பட்டம் என்றே பெயர்.

"அண்ணே, பட்டம் நனைஞ்சா பறக்காதே" என்றாள் மைனா.

"காத்தே இல்லாதப்ப நனைஞ்சா என்ன, காஞ்சா என்ன?" என்றான் அவன்.

"ரெண்டு பேரும் பல்லைக் காட்டாதீங்க" என்று பெரியம்மா விரிப்புகளுக்கு நடுவே குனிந்து வந்தாள். "ஏண்டி, போன்ல என்ன சொன்னே? அழுதுக்கிட்டே சொன்னியா, எனக்கு ஒண்ணும் புரியல. போகமாட்டேங்குறாளா?"

"நீயே கேளுக்கா. என் தொண்டை வத்திப்போச்சு."

"ஏம்மா மைனா, என்னடி உனக்கு? யாராவது பையனா?"

"பையனா இருந்தா பரவாயில்லன்னு அம்மா நெனைக்கிற அளவுக்கு வந்தாச்சு பெரியம்மா. அதெல்லாம் இல்ல."

"அப்புறம்? பயமா?"

"பிடிக்கல. இங்க இருக்கப் பிடிச்சிருக்கு."

"இங்கன்னா?" பெரியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஓட்டல் துண்டு ஒன்றிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. "இதுலயா? ஊரான் அழுக்கை வெளுக்கவா உனக்கு இத்தனை மார்க்கு?"

"ஊரான் அழுக்கைத்தானே டாக்டரும் பாக்குறாரு."

"டாக்டரும் இதுவும் ஒண்ணாடி?"

"இல்லதான். டாக்டர் பொண்ணு டாக்டரானா பரம்பரைன்னு சொல்வீங்க. எங்க வீட்டுல அதையே நான் செஞ்சா தலையெழுத்துன்னு சொல்வீங்க. எனக்கு இந்த வேலை பிடிக்குது பெரியம்மா. கறையோட வந்தது வெள்ளையாப் போகும்போது பிடிக்குது. ஓட்டல்காரங்க வாய்ச்சவடால் விடும்போது எதிர்த்துப் பேசப் பிடிக்குது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரித் துணியையும் நாம எடுக்கலாம்னு எத்தனை நாளா சொல்றேன்! இதைச் சொன்னா ஒருத்தரும் காதுல வாங்கறதில்ல. பாவம், குடும்பக் கஷ்டத்துக்காகச் சொல்லுதுன்னு உச்சுக் கொட்டுறீங்க."

"உச்சுக் கொட்டத்தான் செய்வாங்க. ஊரு என்ன சொல்லும் தெரியுமா? அப்பனுக்கு முடியல, பொண்ணை வேலைக்கு நிறுத்திக்கிட்டாங்கன்னு சொல்லும். உன் அம்மா மூஞ்சியில கரி."

முன்பக்கம் உஸ்ஸென்றது. கொஞ்சம் நீளமாகவே.

"சட்டை தீயப்போகுது" என்று அம்மா அங்கிருந்தே சொன்னாள்.

பெரியம்மா பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே பூப்போட்ட துணி ஒட்டியிருந்தது. "இதை உனக்குன்னு வாங்கினேன். வேண்டாம்னு சொன்னா இதை வச்சு நான் என்ன பண்ணட்டும்? கோழியா வளர்க்கட்டும்?"

மைனாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "டீ போட்டு எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

டீயைக் கொடுத்துவிட்டு அவள் பின்பக்கம் போக, பட்டமும் கூடவே போனான். அங்கே பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் டம்ளர் வைத்தால் நடந்தே போய்விடும். பட்டம் தன் டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தான். டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றான்.

"உண்மையைச் சொல்லு. எங்க அம்மா இல்ல இப்ப" என்றான்.

"நீ சொல்லு முதல்ல. நீ போனியே, என்னத்தைக் கண்டே? இன்டர்வியூ சட்டையை மாசா மாசம் இங்க கொண்டாந்து தேய்க்கிறதுதானே மிச்சம்?"

அவனுக்கு அது சுருக்கென்றது. டம்ளரை ஒரு தடவை சுழற்றினான். "எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. வேலை கிடைக்கலைதான். அதுக்காகப் போயிருக்கவே வேண்டாம்னு நான் ஒரு நாளும் நெனைச்சதில்ல, தெரியுமா? ராத்திரியெல்லாம் உக்காந்து பேசுவோம். எதைப் பத்தின்னு கேட்டா ஒண்ணும் ஞாபகமில்ல. ஆனா அந்த மாதிரிப் பேசுறதுக்கு இப்ப எனக்கு ஆளில்ல. என்னைக் காட்டி நீ போகாம இருக்காதே. அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

மைனா மெஷினின் வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புரண்டது.

"இடம் கிடைச்சதும் காலேஜைச் சுத்திப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்கல்ல" என்றாள். "எல்லாரும் நூலகத்தைப் பாத்தாங்க. அம்மா வாயைப் பிளந்துட்டு நின்னா. ஹாஸ்டல் ரூமுக்குப் போனா, என் கண்ணு நேரா மெத்தை விரிப்புக்குத்தான் போச்சு. பழுப்பேறிக் கிடந்துச்சு. சலவைச் சோடாவை அள்ளிக் கொட்டிட்டு அலசாம விட்டிருக்காங்க. அதையே நெனைச்சுட்டு வந்தேன். எனக்கு என்னமோ ஆயிடுச்சு அண்ணே."

அவன் இருமும் அளவுக்குச் சிரித்தான்.

"சிரிக்காதே. அங்க ஒரு பொண்ணு என்கிட்ட, உங்க அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா. பிஸினஸ்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. வழியெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கல. பிடிச்சிருக்குன்னு இங்க இருக்கேனா, பயந்துட்டு இங்க ஒளியுறேனான்னு எனக்கே தெரியல."

"பயம்னா போயிடு. பிடிச்சிருந்தா இரு."

"ரெண்டும் கலந்து கிடந்தா?"

"சாயத் துணியையும் வெள்ளையையும் ஒண்ணா ஊற வச்ச கதைதான். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். பிரிக்க முடியாது" என்றாள் மைனா. மெஷின் நின்றது. ஈரத் துணியை அவள் கூடைக்கு அள்ள, பட்டம் மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் திரும்பி வந்தபோது பெரியம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "பேசிப் பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல. பெட்டியை அடுக்கினா மனசு தானா அடங்கும். எடுத்துட்டு வாடி துணியை" என்று தங்கையை விரட்டினாள்.

அம்மா உள்ளறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.  பிறகு வெறுங்கையோடு வந்தாள்.

"கட்டில் மேல ஒரு அடுக்கு வச்சிருந்தேனே, எங்க?"

"என்ன அடுக்கு?" என்றாள் மைனா.

"நீ சும்மா இரு. ஏங்க, உள்ள கட்டில் மேல இருந்த துணியைப் பாத்தீங்களா?"

"வெளித்துணிதானே?" என்றார் அப்பா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. "ரேக்குல எடுத்து வச்சுட்டேன். யார் வீட்டுதுன்னுதான் பிடிபடல. புதுக் குறியா இருக்கு. நீ யார்கிட்ட வாங்கினே?"

அம்மாவின் முகம் வெளுத்தது.

அந்தக் கடையில் வருகிற ஒவ்வொரு துணியின் மூலையிலும் நூலால் ஒரு குறி தைப்பார்கள். ஓட்டலுக்குப் பச்சையில் இரண்டு கோடு, டீச்சர் வீட்டுக்கு மஞ்சளில் ஒரு புள்ளி. எத்தனை துணி ஒன்றாக ஊறினாலும், சுழன்றாலும், குறியைப் பார்த்துப் பிரித்துவிடலாம். குறி உள்ளதெல்லாம் வெளியே போக வேண்டியது. வீட்டுத் துணிக்குக் குறி கிடையாது. கூடை கவிழ்ந்து கடைசியில் குறி ஒன்றுமில்லாமல் எது மிஞ்சுகிறதோ, அது நம்முடையது.

மைனா ரேக்குக்குப் போனாள். நீலக் கரை போட்ட போர்வை, தட்டின் மேல் மடிப்புக் கலையாமல் இருந்தது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து அவள் போர்த்திக்கொள்கிற போர்வை. ஒரு பக்கத்தில் அப்பாவே போட்ட ஒட்டு இருக்கிறது. அதன் மூலையைப் புரட்டினாள். சிவப்பு நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. கீழே விரிப்பு, அதிலும் சிவப்பு. துண்டில், பாவாடையில், உள்பாடியில், கைக்குட்டையில்கூடச் சிவப்பு. ஓட்டல் துணிக்கெல்லாம் அம்மா இவ்வளவு பொடியாகத் தைக்க மாட்டாள். தடவிப் பார்த்தால் நூல் இருப்பதே தெரியவில்லை.

"என்னம்மா இது?"

"ஹாஸ்டல்ல அத்தனை பேரு துணியும் ஒண்ணாக் கிடக்கும். தொலைஞ்சு போயிடக் கூடாதேன்னு..."

"எப்பத் தச்சே?"

"ஆரம்பிச்சது நீ கடைசிப் பரீட்சைக்குப் போன அன்னிக்கு."

"ரிசல்ட் வரதுக்கு முன்னாடியேவா?"

"வரும்னு எனக்குத் தெரியும்."

"என்னை வாடிக்கைக்காரி ஆக்கிட்டியேம்மா! கேக்காமகூட ரேக்குல தூக்கி வச்சுட்டீங்களே ரெண்டு பேரும்."

"நான் வேணும்னு வைக்கலம்மா" என்றார் அப்பா. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். போர்வையைக் கையில் வாங்கி, தான் போட்ட ஒட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். "இத்தனை வருஷமாத் துணியை எங்க பாக்குறேன்? மூலையைத்தான் பாக்குறேன். சிவப்பு இருந்துச்சு, வெளித்துணின்னு கை தானா எடுத்து வச்சுடுச்சு. என் பொண்ணு போர்வை எனக்கே தெரியல பாரு."

"அதை விடுங்க தம்பி" என்றாள் பெரியம்மா. "இப்பவாவது வாயைத் திறந்தீங்களே. போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பா."

அப்பா மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி எட்டும் தூரத்தில் இல்லை.

"என்னால சொல்ல முடியாது" என்றார். "அவ இருக்கட்டும்னு எனக்கு ஆசை. மூட்டையை அவ தூக்குறப்ப எனக்கு மூச்சு நல்லா வருது. அதைச் சொன்னாப் பாவம். போகட்டும்னு சொன்னாப் பொய். அதான் வாயே திறக்கல."

 மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பெரியம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "வாடா போலாம், மழை வலுக்குது" என்று மகனை எழுப்பினாள். வாசலில் குடையை விரித்துவிட்டு, தங்கையின் தோளைத் தொட்டு, "பெட்டி இருக்கட்டும். திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள். திறந்த பெட்டி கூடத்தின் நடுவில் பூவைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

மைனா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குறி பிரிக்கிற பிளேடு எப்போதும் ஜன்னல் கட்டையில்தான் இருக்கும். அதை எடுத்தாள். போர்வையை மடியில் போட்டு மூலையைத் தேடிப் பிடித்தாள். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்குவாள் என்று மைனா எதிர்பார்த்தாள், கத்துவாள் என்றாவது எதிர்பார்த்தாள்.

"பிளேடைச் சாய்ச்சுப் பிடி. துணியை அறுத்துடும்" என்றாள் அம்மா.

முதல் இழை அறுந்தது. இழுக்க இழுக்கச் சிவப்பு நூல் சுருள் சுருளாக வந்தது. குறி இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன. மைனா அதை நகத்தால் நீவினாள்.

"துவைச்சா மறைஞ்சிடும்" என்றாள்.

"மறையாது. நூல் போனாலும் இடம் தெரியும். உனக்குத் தெரியாதா என்ன?"

"நீ ஏம்மா அழறே?"

"நான் அழல. நீராவி." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக் குடுத்தப்ப என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுல ஒரு நிம்மதி இருக்குடி. எது வந்தாலும் அடுத்தவங்க மேல போட்டுட்டுப் போயிடலாம். உனக்கு அது இல்லையே."

"எனக்கு வேண்டாம் அந்த நிம்மதி."

"இப்ப வேண்டாம்."

மைனா துண்டை எடுத்து அடுத்த குறியைப் பிரிக்கத் தொடங்கினாள். முன்பக்கம் அப்பா மறுபடி மேசைக்குப் போய்விட்டார், ஆனால் பெட்டிச் சத்தம் கேட்கவில்லை. யாரோ வாசலில் வந்து, "காலேஜ் திங்கக்கிழமைதானே?" என்று கேட்டார்கள். "துணி நாளைக்குத்தாங்க கிடைக்கும், மழையா இருக்கு" என்றார் அப்பா.

கொடியில் இன்னும் ஒரு பெரிய விரிப்பு இருந்தது. ஓட்டல் வண்டி வருகிற நேரம். அம்மா அதை உருவித் தன் பக்கத்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கம் தரையைத் தொடப்போனது. மைனா பிளேடைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்து அதைப் பிடித்தாள். உதறினார்கள். பாதியாக்கினார்கள், மறுபடி பாதியாக்கினார்கள். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். மைனா தன் கையிலிருந்த முனைகளை நீட்டினாள். அம்மா வாங்கினாள். ஆனால் மகளின் விரல்களை விடாமல் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னிக்காவது ஒரு நாள், இடுப்பு ஒடியற அன்னிக்கு, 'ஏம்மா அப்ப என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளலே'ன்னு என்கிட்ட வந்து கேப்பே. அப்ப நான் என்ன சொல்லணும்? இப்பவே சொல்லிக் குடுத்துடு."